உறங்கும் கருவியை எழுப்பும் கடிகாரம்

புதுச்சேரிப் பகுதியில் வேளாண்மைக்கும் குடிநீருக்கும் பெரிதும் கைகொடுப்பது நிலத்தடி நீரே. அதை அளவுக்கு மீறி இறைத்தால் நீர்மட்டம் தாழும். கடலோரத்தில் கடல்நீர் உட்புகும் அபாயமும் உண்டு. ஆகவே கிணறுகளின் நீர்மட்டத்தைத் தொடர்ந்து கவனித்து வருவது அவசியம். 2016ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற தேசிய நீரியல் திட்டத்தின் கீழ், நாட்டின் பல பகுதிகளில் கண்காணிப்புக் கிணறுகளில் தானியங்கி நீர்மட்டப் பதிவிகள் பொருத்தப்பட்டது இதற்காகவே.

வில்லியனூரை அடுத்த ஒதியம்பட்டில் வயல் நடுவே ஓர் ஆழ்துளைக் கிணறு இருப்பதாகக் கொள்வோம். பகலில் பம்புசெட்டுகள் ஓடும்போது அதன் மட்டம் இறங்கும். இரவில் ஊற்று சுரந்து மீண்டும் ஏறும். எவ்வளவு ஏறுகிறது என்பதே கிணற்றின் நிலையைச் சொல்லும். நள்ளிரவில் மணிக்கு ஒரு முறை யார் போய்க் கயிறு விட்டு அளப்பது? கருவிதான் அளக்க வேண்டும். கிணற்றடியில் மின் இணைப்பு இல்லையென்றால் அதற்கு மின்கலமே துணை.

விழித்திருப்பதன் விலை

கருவியின் மூளை மைக்ரோகன்ட்ரோலர் என்னும் நுண்கட்டுப்படுத்தி. அதுவும் நீர்மட்ட உணரியும் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் எடுப்பதாகக் கொள்வோம். மின்கலத்தின் கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர்-மணி எனில், 100 மணி நேரத்தில், அதாவது நான்கே நாளில், அது தீர்ந்துவிடும்.

ஆனால் அளப்பதற்கு ஐந்து வினாடி போதும். மணிக்கு ஒரு முறை அளந்தால் ஒரு நாளில் வேலை நேரம் இரண்டே நிமிடம். மற்ற நேரமெல்லாம் கருவி உறங்கலாம். வேலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.67 மில்லி ஆம்பியர்-மணி செலவாகும். உறக்கத்தில் கருவி முழுவதும் 10 மைக்ரோ ஆம்பியர் எடுத்தால் அதற்கு இன்னுமொரு 0.24. கணக்குப்படி அதே மின்கலம் ஆறு ஆண்டு வரும். மின்கலம் தானே வலுவிழப்பதால் அவ்வளவு வராது எனினும், நான்கு நாள் ஆண்டுக்கணக்காக நீள்கிறது.

எழுப்புவது யார்?

இங்கேதான் ஒரு சிக்கல். ஆழ்ந்த உறக்கத்தில் நுண்கட்டுப்படுத்தியின் முதன்மை அலையியற்றியே நின்றுவிடுகிறது. துடிப்பு நின்றபின் நேரத்தை எப்படி எண்ணுவது? அர்டுயினோ யூனோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லில் தனியே ஒரு காவல் நேரங்காட்டி உண்டு. ஆனால் அதிகபட்சம் சுமார் எட்டு வினாடிக்கு ஒரு முறை அது எழுப்பிவிடும். வெப்பத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்ப அதன் வேகமும் மாறும்.

எனவே உறங்காத ஒரு காவல்காரனை வெளியே அமர்த்துகிறோம். அதுவே நிகழ்நேரக் கடிகாரம். இதில் வினாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் உள்ளது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் 1 கிடைக்கும். அதாவது வினாடிக்கு ஒரு துடிப்பு. இதை ஒரு பொத்தான் மின்கலமே ஆண்டுக்கணக்கில் ஓட்டும்.

இத்தகைய படிகம் சுமார் 25 டிகிரி செல்சியசில் சரியாக ஓடும். வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் தாமதிக்கும். 45 டிகிரி வெயிலில் நாளுக்கு ஒரு வினாடிக்குச் சற்று மேல் பின்தங்கும். டிஎஸ்3231 என்னும் சில்லு தன் வெப்பநிலையைத் தானே அளந்து இதைத் திருத்திக்கொள்கிறது. 40 டிகிரி வரை அதன் பிழை பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவே.

கடிகாரத்திலிருந்து நுண்கட்டுப்படுத்திக்கு ஒரு கம்பி செல்கிறது. சாதாரணமாக ஒரு மின்தடை அதை உயர் மின்னழுத்தத்தில் வைத்திருக்கும். குறித்த நேரம் வந்ததும் கடிகாரம் அதைத் தரை மின்னழுத்தத்துக்கு இழுக்கும். உறங்கும் சில்லு விழித்துக்கொள்ளும். நீர்மட்டத்தை அளந்து, நேரத்துடன் பதிந்துவிட்டு, மீண்டும் உறங்கப் போகும்.

அணைக்காத மணி

எழுப்பியவுடன் கடிகாரம் கம்பியைத் தானாக விடுவதில்லை. ‘மணி அடித்தாயிற்று’ என்று ஒரு கொடியை உயர்த்தி வைத்துக்கொள்ளும். நம் நிரல்தான் அதை இறக்க வேண்டும். இறக்காவிட்டால் இரண்டில் ஒன்று நேரும். கம்பி தாழ்ந்திருப்பதைக் கண்டு விழிக்குமாறு அமைத்திருந்தால், சில்லு உறங்கவே முடியாது. மின்கலம் சில நாளில் தீரும். கம்பி தாழும் கணத்தில் மட்டும் விழிக்குமாறு அமைத்திருந்தால், மறுபடி தாழ வழியின்றி அது நிரந்தரமாக உறங்கிவிடும். அடுத்த மணி எப்போது என்பதையும் உறங்கும் முன்பே குறிக்க வேண்டும். கடந்துபோன நேரத்தைக் குறித்தால், அன்றாட மணி மறுநாள்தான் அடிக்கும்.

கடைகளில் விற்கும் கடிகாரப் பலகைகளில் ஒரு சிறு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அது 2 மில்லி ஆம்பியர் எடுத்தால், நாம் பாடுபட்டுச் சேமித்த மின்கலம் 40 நாளில் காலி. அதை நீக்கிவிட வேண்டும்.

இந்தத் தத்துவம் கிணற்றோடு நிற்பதில்லை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ரோசெட்டா விண்கலம், சூரிய ஒளி குறைந்த தொலைவுக்குச் சென்றபோது, 2011 ஜூன் 8 அன்று உறங்க வைக்கப்பட்டது. 957 நாட்களுக்குப் பின், 2014 ஜனவரி 20 அன்று, உள்ளிருந்த நேரங்காட்டியே அதை எழுப்பியது.

மாணவர்கள் இதை மேசைமீதே சோதித்துப் பார்க்கலாம். நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்குமாறு அமைத்து, ஒரு நாள் முழுதும் ஓடவிடுங்கள். பதிவில் 1440 அளவுகள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் காரணத்தைக் கண்டபிறகே கருவியைக் கிணற்றுக்குக் கொண்டுசெல்லுங்கள். தவறிப்போன ஓர் இரவின் நீர்மட்டத்தை மறுநாள் போய் அளக்க முடியாது.