வரைபடத்தில் ஏறாத ஒழுங்கைகள்

நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பின்னால் ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. இரவு வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்துக்கு அதனூடாகவே நடப்பேன். ஒருநாள் அதன் குறுக்கே கம்பிவேலி எழுந்திருந்தது. அயலவர் சிலர் ஒரு படிவத்தை நீட்டினர். எந்த ஆண்டிலிருந்து இதில் நடக்கிறீர்கள்? வாரத்தில் எத்தனை தடவை? பாதையின் அகலம் என்ன? யாராவது மறித்தார்களா? யாரிடமாவது அனுமதி கேட்டீர்களா? கடைசியில், பாதையை வரைபடத்தில் கோடிட்டுக் காட்ட வேண்டும். எனது நடை இந்நாட்டில் ஒரு சாட்சியமாகும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இதன் பின்னாலுள்ள சட்டம் எம்மவர் கவனத்துக்குரியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் பொதுப்பாதைகளை அளவிட்டு ‘அறுதி வரைபடம்’ தயாரிக்கும் கடமையை 1949ஆம் ஆண்டுச் சட்டமொன்று கவுண்டி சபைகளுக்கு விதித்தது. உள் லண்டனுக்கு இக்கடமை இல்லை. வெளி லண்டன் சபைகளுக்கு உண்டு. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி இவ்வரைபடம் தொடர்ந்து திருத்தப்பட வேண்டும். எவரும் திருத்தம் கோரலாம். ஒரு பாதையைப் பொதுமக்கள் பலவந்தமின்றி, ஒளிவுமறைவின்றி, அனுமதி பெறாது 20 ஆண்டுகள் பாவித்திருந்தால், உரிமையாளர் அதைப் பொதுவுக்கு விட்டதாகவே 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் அனுமானிக்கும். பழைய பாதையாயின் 1836க்குப் பிந்திய தசமபாக வரி வரைபடங்களும் 1910ஆம் ஆண்டு நிலவரி மதிப்பீட்டுப் பதிவுகளும் சாட்சி சொல்லும்.

இங்கு முக்கியமான தர்க்கம் ஒன்றுண்டு. வரைபடத்தில் ஒரு பாதை இருந்தால் அது முடிந்த முடிவான சான்று. இல்லாவிட்டால், பாதை இல்லை என்று அதற்குப் பொருளல்ல. ஒருமுறை பொதுவழியானது, நடப்பார் இல்லாது புதர் மண்டினாலும், என்றும் பொதுவழியே என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய விதி.

2000ஆம் ஆண்டுச் சட்டம் இதில் கைவைத்தது. 1949க்கு முற்பட்ட, பதிவாகாத நடைபாதைகளும் குதிரைப் பாதைகளும் 2026 ஜனவரி 1உடன் அழிந்துபோகும் என்றது. நிலம் வாங்குவோருக்கும் விவசாயிகளுக்கும் நிச்சயம் வேண்டும் என்பது ஒதுக்கக்கூடிய வாதமல்ல. ஆயினும் பதிவு செய்யாதது அதிகாரிகளின் குறையாயிருக்க, இழப்பு மட்டும் நடப்பவனுக்கா? சுமார் 49,000 மைல் பாதைகள் வரைபடத்தில் இல்லையென நடைபயணிகள் சங்கம் மதிப்பிட்டது. 2023இல் அத்திகதி இங்கிலாந்தில் 2031க்குத் தள்ளப்பட்டது. 2024 டிசம்பரில் தொழிற்கட்சி அரசாங்கம் அதை நீக்கப்போவதாகவே அறிவித்தது.

படிவத்தை நிரப்புகையில் எனக்கு வலிகாமம் வடக்கு நினைவில் வந்தது. 1990இல் அங்கிருந்து சனங்கள் பெயர்ந்தனர். ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. வசாவிளான் – பலாலி வீதி 2025 ஏப்ரலில்தான், அதுவும் நிபந்தனைகளோடு, திறக்கப்பட்டது. வீதிக்குப் பெயருண்டு, பதிவுண்டு, கேட்டுப் பெறலாம். பனங்கூடலுக்குள்ளால் கோயிலடிக்கும் குளத்தடிக்கும் போன ஒழுங்கைகளுக்கு என்ன உண்டு? போரினால் காணியை அணுகமுடியாதோர் ஆட்சியுரிமைக் காலக்கணக்கில் தோற்காதிருக்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது காணிக்காரனுக்கானது. ஒழுங்கைக்காக வழக்காட ஒரு காணிக்காரன் இல்லை.

ஆனால் ஆதாரம் அறவே இல்லையென்பதும் தவறு. எங்கள் காணி உறுதிகளில் எல்லை சொல்லுமிடத்தைப் பாருங்கள்: ‘கிழக்கு ஒழுங்கை’ என்றிருக்கும். அடுத்தடுத்த காணிகளின் உறுதிகள் ஒரே ஒழுங்கையைச் சுட்டுமாயின், அவற்றை ஒன்றாகப் பொருத்தினாலே பாதையின் ஒரு துண்டு கோடாக எழும். அந்த உறுதிகளில் பல இன்று லண்டன், பாரிஸ், ரொறன்ரோ வீடுகளின் சூட்கேசுகளுக்குள் கிடக்கின்றன. கூடவே, நடந்த கால்களின் நினைவும் எம்மிடம் உண்டு.

இந்தப் படிவத்தின் கேள்விகளையே எடுத்துக்கொள்வோம். ஆளுக்கொரு ஒழுங்கை: எங்கு தொடங்கி எங்கு முடிந்தது, ஒரு மாட்டுவண்டி போகுமா, யார் யார் எதற்காகப் போயினர், எந்த ஆண்டுவரை. தேதியும் கையொப்பமும் இட்டு எழுதுவோம். இலங்கை நீதிமன்றம் இதை எவ்வளவுக்கு ஏற்கும் என்பது சட்டம் கற்றோர் இப்பக்கங்களில் விவாதிக்கவேண்டியது. ஆனால் விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது. எனக்கே ஐம்பது கடந்துவிட்டது. அந்த ஒழுங்கைகளில் என்னைக் கைபிடித்து நடத்தியவர்களில் இருவர்தான் மிச்சம்.