முந்திரிக்காட்டு மெஷினும் அரை மில்லிமீட்டரும்

விருத்தாசலம் என்றால் பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியைத் தொடுமுன் வெட்டியெடுக்க வேண்டியிருக்கும் வெள்ளைக் களிமண், இந்த ஊர்ச் சூளைகளில் பொம்மையாகவும் அகல்விளக்காகவும் ஃபியூஸ் கேரியராகவும் மாறுகிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தர அரசுப் பயிலகமே இங்கு உண்டு. ஊர் எல்லையைத் தாண்டினால் செம்மண்ணும் முந்திரியும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியபோது கடலூர் மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தோப்புத் தோப்பாக மரம் விழுந்து கிடக்கும்போது கோடரியை நம்பிப் பயனில்லை. பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மெஷின், அதாவது செயின் சாதான் வேண்டும்.

அந்த மெஷினின் சிலிண்டரைக் கழற்றி உட்சுவரைத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருக்கும். சிலிண்டரின் உடல் அலுமினியம். ஆனால் பிஸ்டன் உரசுவது அலுமினியத்தின்மேல் அல்ல. மெல்லிய நிக்கல் பூச்சு, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கான் கார்பைடுத் துகள்கள். சிலிக்கான் கார்பைடு பீங்கானின் பங்காளி. அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் 1891இல் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரத்தால் காய்ச்சியபோது தற்செயலாகக் கிடைத்த பொருள் அது. வைரத்துக்குச் சற்றே குறைந்த கடினம். பீங்கான் சூளைகளில் பொருள்களை அடுக்கி வைக்கும் தட்டுகளை இதில் செய்வதுண்டு, சாணைக்கல்லிலும் இதுதான். சென்னை திருவொற்றியூரின் கார்போரண்டம் யுனிவர்சல் பெயரிலுள்ள ‘கார்போரண்டம்’ அச்செசன் அதற்கு வைத்த பெயரே. இந்தத் துகளை நிக்கலோடு சேர்த்துப் பூசும் முறையை ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967இல் கொண்டுவந்தது. முதலில் அது என்.எஸ்.யு. காரின் வான்கல் சுழல் எஞ்சினுக்காக. இன்று நல்ல செயின் சா பலவற்றின் சிலிண்டருக்குள் இருக்கிறது. மலிவான சிலிண்டர்களில் குரோமியப் பூச்சோடு முடித்துவிடுவார்கள்.

இப்போது சிலிண்டரின் துளைகளுக்கு வருவோம். இத்தகைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. சுவரில் ஓட்டைகள் மட்டுமே. பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் எக்ஸாஸ்ட் போர்ட் எனும் புகைவாசல் திறக்கும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் திறந்து, அடியில் கிராங்க் அறையில் அமுங்கியிருந்த பெட்ரோல்-காற்றுக் கலவை மேலே பாயும். புதியது உள்ளே வந்தபடியே பழையதை வெளியே தள்ள வேண்டும். டவுன் பஸ்ஸில் பின்வாசலில் கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போதே முன்வாசலில் ஆட்கள் இறங்குவது போலத்தான். ஏறிய வேகத்தில் முன்வாசல் வழியாகவே வெளியே பிதுங்கி விடுகிறவர்களும் உண்டு. பழைய வகை டூ-ஸ்ட்ரோக்கில் கால் பங்குப் பெட்ரோல்கூட எரியாமல் அப்படிப் புகையோடு போய்விடும்.

இதற்கெல்லாம் கிடைக்கும் நேரம் எவ்வளவு? 45 மி.மீ. விட்டமும் 32 மி.மீ. ஓட்டமும் உள்ள, ஏறத்தாழ 51 சி.சி. மெஷின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு. அதில் புகைவாசல் 160 பாகை திறந்திருந்தால் மூன்று மில்லிநொடிகூட ஆகாது. டிரான்ஸ்ஃபர் வாசலுக்குச் சுமார் இரண்டே மில்லிநொடி. இமைப்பொழுதைவிட மிகக் குறைந்த அந்த நேரத்தில் எஞ்சின் மூச்சை விட்டு மூச்சை வாங்கியாக வேண்டும்.

ஆகவே டூ-ஸ்ட்ரோக்கின் பலம் ஓட்டைகளின் உயரத்தில் இருக்கிறது. மேற்சொன்ன சிலிண்டரில் புகைவாசலின் மேல்விளிம்பை அரை மில்லிமீட்டர் உயர்த்தித் தேய்த்தால், கணக்குப்படி, அது திறந்திருக்கும் நேரம் மொத்தத்தில் ஏறக்குறைய நான்கு பாகை கூடும். கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் அதிவேகத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த எஞ்சினுக்கு அது பெரிய ஆறுதல். குறைந்த வேகத்தில் கதை நேர்மாறு: வெடிப்பின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளி முடிக்குமுன்பே வாசல் திறந்துவிடுவதால் இழுவை போய்விடும். தடித்த அடிமரத்தில் மெஷினை அழுத்தும்போது வேகம் இறங்கும். தேவைப்படும் இடத்தில் பலம் இருக்காது.

இந்தக் கலை நமக்கு அந்நியமில்லை. 1985இல் வந்து 1996 வரை தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியின் சிலிண்டரை அரத்தாலும் கிரைண்டராலும் தேய்த்து ‘போர்ட்டிங்’ செய்த பட்டறைகள் தமிழ்நாட்டில் ஏராளம். 98 சி.சி.க்கு 11 குதிரைத்திறன் என்பது கம்பெனிக் கணக்கு. பையன்களுக்கு அது போதவில்லை. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்திலும் பிறகு இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் இரண்டு சக்கரப் பந்தயம் பார்த்தவர்களுக்கு அந்தக் கிறீச்சிடும் சத்தம் இன்னும் காதில் இருக்கும்.

அந்தப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் பாட்டன் என்று ஒருவரைச் சொல்லலாம்: கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் இருந்த வால்டர் காடன். ஓட்டையை மட்டும் தேய்த்தால் போதாது என்று அவர் கண்டார். புகைவாசல் திறந்ததும் சூடான புகைக்குள் ஓர் அழுத்த அலை நொடிக்கு 500 மீட்டர் அளவு வேகத்தில் குழாயில் ஓடும். குழாயை முதலில் விரித்துப் பிறகு குறுக்கினால் அந்த அலை எதிரொலித்துத் திரும்பிவரும். திரும்பும் கணம் சரியாக அமைந்தால், வெளியே தப்பிய புதுக்கலவையை வாசல் மூடுமுன் அதுவே சிலிண்டருக்குள் தள்ளிவிடும். 1961இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 என்ற விகிதம். மேலழுத்தக் கருவி எதுவும் இல்லாமல்! அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பியோடினார். கூடவே ரகசியமும் ஜப்பானின் சுசுகிக்குப் போனது; 1962இல் சுசுகி வண்டியில் 50 சி.சி. உலகப் பட்டம் வென்றார். பொறியியல் வரலாற்றில் இதைவிடச் சுவாரசியமான திருட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் காடனின் குழாய் முந்திரிக்காட்டுக்கு உதவாது. அது மெஷினைவிட நீளமாகிவிடும். வெளிநாடுகளில் மரம் அறுக்கும் போட்டிகளுக்கென்றே செய்யும் மெஷின்களில்தான் அதைப் பார்க்கலாம். வேலைக்கான மெஷினில் ஒரு சின்னத் தகரப்பெட்டிதான் சைலன்சர். அதற்குள் நின்றுகொண்டுதான் வித்தை காட்ட வேண்டும்.

காட்டுகிறவர்கள் முதலில் சைலன்சரின் வாயை அகலப்படுத்துவார்கள். அடுத்து, சிலிண்டருக்கு அடியிலிருக்கும் கேஸ்கெட்டை மெல்லியதாக்குவார்கள் அல்லது லேத்தில் அடிப்பாகத்தைச் சீவி சிலிண்டரைக் கீழே இறக்குவார்கள். செயின் சாவில் பெரும்பாலும் தலையும் உடலும் ஒரே வார்ப்பு. தனித் தலையைச் சீவும் வசதி இல்லை. இறக்கினால் பிஸ்டனுக்கும் கூரைக்கும் இடையிலுள்ள சந்து குறைந்து, கலவை இன்னும் இறுகும். மெல்லிய ஈயக் கம்பியை பிளக் துளை வழியே விட்டு கிராங்க்கைக் கையால் சுற்றி நசுக்கி அந்தச் சந்தை அளப்பார்கள். அரை மில்லிமீட்டர் வரை போகலாம் என்பது அனுபவக் கணக்கு. அதற்கும் கீழே போனால் வேகத்தில் பிஸ்டன் கூரையை முட்டும். சிலிண்டர் இறங்கியதும் வாசல்களும் கூடவே இறங்கியிருக்கும். எனவே புகைவாசலை மறுபடி உயர்த்த வேண்டும்.

இங்கேதான் அந்தப் பீங்கான் பங்காளி குறுக்கே நிற்கிறது. சாதாரண அரம் அதன்மேல் வழுக்கும். வைரத்தூள் பதித்த முனை வேண்டும். தேய்த்த விளிம்பை மழுங்கச் செய்யாமல் விட்டால் பூச்சு செதில் செதிலாகப் பெயரும். விளிம்பு கூராக இருந்தால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி முறியும். வாசலை அகலமாக்கவும் எல்லை உண்டு. ரிங் தன் விறைப்பால் ஓட்டைக்குள் பிதுங்கப் பார்க்கும் என்பதால், சிலிண்டர் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட அனுபவசாலிகள் துணிவதில்லை. பூச்சுப் போன சிலிண்டரை ஊர்ப் பட்டறையில் போர் போட்டு மீட்க முடியாது. தேய்த்த உலோகத்தை ஒட்டவும் முடியாது.

வெப்பம் இன்னொரு செலவு. காற்று அதிகம் போகும் எஞ்சினுக்கு கார்புரேட்டரில் பெட்ரோலையும் கூட்ட வேண்டும். மறந்தால் கலவை வறண்டு, சூடேறிய அலுமினிய பிஸ்டன் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் மொழியில் ‘சீஸ்’. லிட்டருக்கு 20 மில்லி ஆயில் என்று சிக்கனமாகக் கலக்கும் மெஷினில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கலவைக்குமுன் வெறுங்காற்றை அனுப்பி பெட்ரோலைச் சேமிக்கும் புதுவகை சிலிண்டர்களில் வாசல்களின் அமைப்பே வேறு. அவற்றில் கைவைக்காமலிருப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, கூலிக்கு மரம் அறுப்பவருக்கு என் பரிந்துரை வேறு. சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. பல் மழுங்கியிருந்தால் எந்தக் குதிரைத்திறனும் வீண். மெஷினிலிருந்து சுருள் சுருளான சீவலுக்குப் பதில் மாவு மாதிரித் தூள் வந்தால் பல் போய்விட்டது என்று பொருள். 0.325 அங்குலச் சங்கிலி என்றால் 4.8 மி.மீ. உருட்டு அரம் ஒன்று வாங்கி, பெரும்பாலான சங்கிலிகளுக்குரிய 30 பாகைச் சாய்வில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தீட்டுங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். சிலிண்டரைத் திறக்க வேண்டுமா என்று அதற்குப் பிறகு யோசிக்கலாம்.