மூளையில் குடிபுகும் நாடாப்புழு

எம் மாணவர் ஒருவரின் தமையனார் இருங்காட்டுக்கோட்டையில் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளராகப் பணியாற்றிவந்தார். ஒருநாள் இரவு ஷிஃப்டில் இயந்திரத்தருகே வலிப்புக் கண்டு விழுந்தார். உடனிருந்தோர் அவர் கையில் இரும்புத் துண்டைத் திணித்தனராம். நாளெல்லாம் இரும்போடு உழன்றவருக்கு இரும்பே மருந்தாகுமா? ஸ்கேன் பார்த்த மருத்துவர், மூளையில் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி ஒன்று உள்ளதென்றார். "ஐயா, எங்கள் வீட்டில் ஹராமான உணவு நுழைந்ததே இல்லை. இது எப்படி வந்தது?" என்று அவர்தம் தந்தையார் கலங்கி வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

சரியாக வேகாத பன்றி இறைச்சியை உண்பவர்க்கு வருவது குடற்புழு. அது இரண்டு முதல் நான்கு மீட்டர் வரை வளரும். மூளைக்குச் செல்வதோ அப்புழுவின் முட்டையிலிருந்து வெளிப்படும் இளம்புழு. குடற்புழு உள்ளவரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் கைகளாலும் நீராலும் கழுவாத கீரை காய்களாலும் பிறர் வயிற்றை அடைகின்றன. ஆகவே மரக்கறி உண்பவருக்கும் இந்நோய் வரும். பன்றியைத் தொடாத நியூயார்க் யூதர் நால்வருக்கு இது வந்த செய்தி 1992-இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அவர்தம் வீட்டுப் பணியாளர்களைச் சோதித்தபோது ஒருவரிடம் குடற்புழு காணப்பட்டது. புழுவைச் சுமப்பவர் பெரும்பாலும் அதனை அறியார் என்பதால் அவரைப் பழிப்பது முறையன்று.

இனி, வியப்புக்குரிய செய்தி. இந்தியாவில் பணியாற்றித் தாயகம் திரும்பிய பிரிட்டானியப் படைவீரர் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்தே வலிப்பு வந்தது. 450 நோயாளரை ஆராய்ந்த டிக்ஸன், லிப்ஸ்கோம் ஆகியோர் 1961-இல் இதனைப் பதிவு செய்தனர். அயலுயிர் ஒன்று மூளைக்குள் இருந்தும் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் அத்துணைக் காலம் வாளாவிருந்தது ஏன்?

புழு அதனை அடக்கிவைக்கிறது என்பதே விடை. நீர்நிறைந்த சிறுபைக்குள் வாழும் அது பல பொருள்களைச் சுரக்கிறது. பாராமையோசின் என்னும் அதன் புரதம், இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்னும் தாக்குதல் தொடரின் முதற்கண்ணியைப் பற்றி முடக்குகிறது. குளுட்டமேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதியோ, கிருமிகளை விழுங்கும் அணுக்களைப் புரோஸ்டாகிளாண்டின் சுரக்கச் செய்து, அழற்சியைத் தணிக்கும் வழிக்குத் திருப்பிவிடுகிறது. காவலரையே அமைதிப்படுத்தும் திருடன் எனலாம்!

புழு நலிந்து சாகும்போது இம்மறைப்புக் குலைகிறது. பகையை உணர்ந்த எதிர்ப்பாற்றல் பொங்கியெழ, சுற்றியுள்ள மூளைப்பகுதி வீங்கி வலிப்பு நேர்கிறது. எனவே இங்கு நோய் பெரும்பாலும் உடலின் சினத்தால் விளைவதே. புழுவைக் கொல்லும் அல்பெண்டசோலுடன் வீக்கந்தணிக்கும் ஸ்டீராய்டும் தருவது இதனாற்றான். அதனை மருத்துவர் மேற்பார்வையிலன்றி உட்கொள்ளலாகாது.

இருங்காட்டுக்கோட்டை வழியே செல்லும் அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வேலூர். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சாண்டி, ராஜசேகர் முதலியோர் இத்துறையில் ஆற்றிய பணி பெரிது. வலிப்பு நோயாளரின் மூளையில் தென்படும் தனிச் சிறுகட்டியைக் காசநோய்க் கட்டியெனக் கொண்டு மாதக்கணக்கில் மருந்தளித்த காலம் அது. அவற்றுட் பல இப்புழுவால் ஆனவை என 1989-இல் அவர்கள் எடுத்துக்காட்டினர். வேலூர் மாவட்டத்தில் பின்னர் நடந்த ஆய்வில், வலிப்பு நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணமெனத் தெரிந்தது. 'கால் கை வலிப்பு' என்பதே 'காக்காய் வலிப்பு' என மருவிற்று என்பர். சொல்லின் மூலம் தேடிய நாம் நோயின் மூலம் தேடவில்லை.

தந்தையாரிடம் இவற்றை விளக்கியபின், "அப்படியானால் என் மகன் தவறு செய்யவில்லை" என்றார் அவர். அதன்பின் அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஆறு மாதங்களில் கட்டி மறைந்துவிட்டது, மருந்து தொடர்கிறது. ஆலை அவரை மீண்டும் அழைக்கவில்லை. தற்போது பூந்தமல்லியில் உறவினர் கடையொன்றில் கணக்கு எழுதுகிறார்.