வீட்டிலேயே தமிழ் வாசிப்பு

ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் பேசினால் குழந்தை கலகலவென்று தமிழில் பதில் சொல்கிறது. அதே பாட்டி நான்கு வரி எழுதி அனுப்பினால் அம்மாதான் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அமீரகத்திலும் மற்ற வளைகுடா நாடுகளிலும் பல தமிழ் இல்லங்களின் நிலை இதுவே. பள்ளியில் ஆங்கிலமும் அரபியும் கற்கும் குழந்தைக்குத் தமிழ் எழுத்தைப் பெரும்பாலும் வீடுதான் தரவேண்டும்.

247 எழுத்துக்களும் மனப்பாடமாகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ப, ட, ம் ஆகிய மூன்றைக் கொண்டே 'படம்' என்று படித்துவிடலாம். துணைக்காலை அறிமுகப்படுத்தினால் 'பாடம்' வரும். ஆங்கிலத்தில் சி, ஏ, டி என்று பெயர்களைக் கூட்டினால் 'கேட்' வராது. தமிழில் எழுத்தின் பெயரே பெரும்பாலும் அதன் ஒலி. புள்ளி எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'ம்' என்பதை 'இம்' என்று சொல்லித் தந்தால் குழந்தை 'பட-இம்' என்று தடுமாறும். உதட்டை மூடி ஒலியை மட்டும் சொல்லித் தரவேண்டும்.

விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைப்பது பழைய வழக்கம். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையும் இதை ஒத்ததே. உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே குழந்தை அதன் ஒலியைச் சொல்லும்.

அரிசித் தட்டை அன்றோடு எடுத்து வைத்துவிடாமல், தினமும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பாட்டியின் கடிதத்தைக் குழந்தையே எழுத்துக்கூட்டிப் படிக்கும். அதைக் கேட்டு மகிழப் பாட்டி இருக்கும்போதே அந்த நாள் வரவேண்டும்.