மரவீடுகளின் ஊர்

செக் நாட்டின் வடக்கு எல்லையில் யிஸெரா மலைகள் இருக்கின்றன. அங்கே காட்டின் நடுவில் ஒரு பெரிய புல்வெளி. அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரவீடுகள். அந்தச் சின்ன ஊரின் பெயர் யிஸெர்கா. பக்கத்தில் ஓடும் ஓடைக்கும் அதே பெயர்தான்!

காட்டுக்குள்ள எதுக்கு ஊர்?

யிஸெர்கா சுமார் 860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர் அதிகம்; பயிர் நன்றாக விளையாது. பிறகு ஏன் மக்கள் அங்கே போனார்கள்? முக்கியமாக, கண்ணாடி செய்ய!

கண்ணாடி செய்ய மணலை உருக்க வேண்டும். உலையின் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்ட வேண்டும். அதற்கு எவ்வளவு விறகு வேண்டும், யோசித்துப் பாருங்கள்! மரச் சாம்பலிலிருந்து எடுத்த உப்பையும் மணலோடு சேர்ப்பார்கள். அது மணல் உருக உதவும். அவ்வளவு மரத்தையும் ஊருக்குச் சுமந்து வருவது கஷ்டம். அதனால் உலையையே காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன், ரீடெல் என்ற குடும்பத்தார் யிஸெர்காவில் கண்ணாடி உலை அமைத்தார்கள். வேலை செய்தவர்களுக்கு வீடுகள் எழுந்தன. பள்ளிக்கூடமும் வந்தது.

மரவீட்டுல குளிராதா?

குளிராது! எப்படிக் கட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

முதலில் கல்லால் அடித்தளம் போடுவார்கள். அதனால் மண்ணின் ஈரம் மரத்தில் ஏறாது. அதன்மேல் பருத்த மரக்கட்டைகளைப் படுக்க வைத்து அடுக்குவார்கள். மூலையில் கட்டைகளை வெட்டி, ஒன்றோடு ஒன்று கோத்துவிடுவார்கள். நம் இரண்டு கை விரல்களைக் கோப்பது போலத்தான்.

கட்டைகளுக்கு நடுவே இடைவெளி இருக்குமே, காற்று வராதா? அங்கே பாசியை அடைத்து, மேலே களிமண் பூசுவார்கள். கூரை மிகவும் சரிவாக இருக்கும். பனி அதிகமாகச் சேர்ந்தால் சறுக்கிக் கீழே விழுந்துவிடும்.

ஊர்க்காரங்க எங்கே போனாங்க?

கண்ணாடி உலைகள் ஒருநாள் அணைந்துபோயின. ஆனாலும் மக்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பேசியது ஜெர்மன் மொழி.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி செக் மக்களுக்குப் பெரும் கொடுமை செய்தது. 1945-இல் போர் முடிந்தது. அதன்பின் அந்த நாட்டில் இருந்த ஜெர்மன் மொழி பேசுவோரில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். பிறந்த வீட்டை விட்டுவிட்டு அவர்களும் போக வேண்டியிருந்தது.

ஆள் இல்லாத மரவீடு என்ன ஆகும்? கூரையில் ஒரு சின்ன ஓட்டை விழும். மழைத் தண்ணீர் இறங்கும். கட்டை உளுத்துப்போகும். அப்படிச் சில வீடுகள் அழிந்தன. மற்ற சிலவற்றை வேறு ஆட்கள் வந்து பழுதுபார்த்தார்கள். உளுத்த கட்டையை எடுத்துவிட்டுப் புதுக் கட்டையை வைத்தார்கள். அதனால்தான் அந்த வீடுகளை இன்றும் நாம் பார்க்க முடிகிறது.

ராத்திரியில என்ன தெரியும்?

நட்சத்திரங்கள்! 2009-இல் செக், போலந்து நாடுகளின் நிறுவனங்கள் சேர்ந்து, இந்த ஊரைச் சுற்றிய பகுதியை ‘இருண்ட வானப் பூங்கா’ என்று அறிவித்தன. தேவையில்லாத விளக்குகளால் வானம் வெளுத்துப்போகாமல் காப்பதே இதன் நோக்கம். மேகம் இல்லாத இரவில் பால்வீதியும் தெரியும்.

சொல் அறிவோம்
உலை – பொருளை உருக்கும் பெரிய அடுப்பு
பாசி – ஈரமான இடத்தில் வளரும் சிறு பச்சைச் செடி
உளுத்தல் – மரம் உள்ளே கெட்டு, பொடியாதல்
பால்வீதி – வானில் வெண்மையாகத் தெரியும் நட்சத்திரக் கூட்டம்

பேசுவோம்
1. கண்ணாடி உலையை ஏன் காட்டுக்குள் அமைத்தார்கள்?
2. மரவீட்டில் பாசி எதற்கு உதவுகிறது?
3. உங்கள் தாத்தா, பாட்டி சிறுவயதில் வாழ்ந்த வீடு எதனால் கட்டப்பட்டது? இப்போது அங்கே யார் இருக்கிறார்கள்? வீட்டில் கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.