காட்டுக்கு ஒரு நாய்: எதை எதோடு சேர்ப்பது?

விதை, மாடு, மண்புழு என்று நம் இதழில் நிறைய எழுதியாச்சு. இந்த முறை நாயைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். ஒரே ராத்திரியில் மூன்று ஆடுகளைப் பறிகொடுத்தவன் எழுதுகிறேன்.

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுபெற்ற பணத்தில் கோவில்பட்டிப் பக்கம் ஐந்து ஏக்கர் கரிசல் காடு வாங்கினேன். உளுந்து, கம்பு, நாட்டுச்சோளம் எல்லாம் மானாவாரி. கூடவே பன்னிரண்டு கன்னி ஆடுகள், கொஞ்சம் நாட்டுக்கோழி. இரண்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி, தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் பாய்ந்துவிட்டது. இரண்டு ஆடு அங்கேயே முடிந்தது. சினையாக இருந்த மூன்றாவது காலையில் என் கண் முன்னால் செத்தது. ஆட்டுக் கடன் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் "இன்சூரன்ஸ் போட்டீங்களா?" என்று கேட்டுக்கேட்டே கையெழுத்துப் போட்டவன் நான். என் ஆடுகளுக்கு இன்சூரன்ஸ் இல்லை.

"காட்டுல ஒரு நாய் வேணும் சார்" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர். சரிதான். ஆனால் எந்த நாய்? அங்கேதான் நான் இரண்டு முறை தப்புக் கணக்குப் போட்டேன்.

முதல் தப்பு: அழகைப் பார்த்து வாங்கியது

பால் வெள்ளையாக, ரோஸ் மூக்கோடு ஒரு ராஜபாளையம் குட்டி. 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட இனம், நம்ம ஊர்ப் பெருமை, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. குட்டிக்குக் காது கேட்காது.

இது அபூர்வமான விஷயம் இல்லை. உடம்பு முழுக்க வெள்ளையாக இருக்கும் நாய்களில், காதின் உட்பகுதியில் இருக்க வேண்டிய நிறமிச் செல்கள் இல்லாமல் போவது உண்டு. அப்படிப் போனால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி போய்விடும். எல்லா ராஜபாளையமும் செவிடு என்று சொல்ல வரவில்லை. நல்ல காவலுக்குப் பேர் போன இனம்தான். குட்டி வாங்கும்போது அது தூங்குகிற நேரத்தில், காற்று படாத தூரத்தில் நின்று கைதட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதனால் தாய் தகப்பன் இரண்டையும் நேரில் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள். கடன் கேட்பவரின் வீட்டைப் பார்க்காமல் கடன் கொடுப்போமா?

இரண்டாம் தப்பு: ஓட்டத்தைப் பார்த்து வாங்கியது

அடுத்து வந்தது சிப்பிப்பாறை. பரம்பரையாக நாய் வளர்க்கிற பெரியவர் ஒருவர் கொடுத்த கடுவன். ஒட்டிய வயிறு, நீண்ட கால், ஒரு சாட்டை மாதிரி உடம்பு. இது கண்ணால் பார்த்துத் துரத்துகிற இனம். மோப்பம் பிடித்து நிதானமாகப் போகிற நாய் இல்லை. வரப்பில் முயல் அசைந்தால் போதும், நான் கத்துவது அதன் காதில் ஏறாது. ஒரு நாள் அப்படி ஓடியது, பக்கத்துத் தோட்டத்து முள்கம்பியில் விழுந்து தொடை கிழிந்தது. இந்த வகை நாய்களுக்குத் தோல் மெல்லியது, கொழுப்பும் கிடையாது. பதினெட்டுத் தையல்.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், நாயை ஏவி விலங்கைத் துரத்துவதும் வேட்டைக் கணக்குத்தான். முயலானாலும் மயிலானாலும் காட்டுப்பன்றியானாலும் அப்படித்தான். "எங்க தாத்தா காலத்துல..." என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரே பதில், அந்தக் காலம் போய்விட்டது. இப்போது நமக்கு வேண்டியது பிடிக்கிற நாய் இல்லை. வேலிக்குள் நின்று குரைக்கிற நாய்.

என் சிப்பிப்பாறை ராத்திரியில் குரைப்பதே குறைவு. இதைப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

"மேனேஜர் சார், நாய் கேட்டு வந்தீங்க, குடுத்தேன். எதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே. ஓட்டம் ஒரு நாயிகிட்ட இருக்கும், காவல் ஒரு நாயிகிட்ட இருக்கும். ரெண்டும் வேணும்னா ரெண்டையும் சேக்கணும்."

இங்கிலாந்துக்காரர்கள் செய்தது

பெரியவர் சொன்னது புதிய விஷயம் இல்லை. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் 'லர்ச்சர்' என்று ஒரு நாய் உண்டு. அது ஒரு இனம் இல்லை, ஒரு கலவை. கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி மாதிரி ஓட்டக்கார நாய் ஒன்று. அதோடு வேலை செய்கிற நாய் ஒன்று, பெரும்பாலும் ஆடு மேய்க்கும் கோலி அல்லது டெரியர். ஓட்டக்கார நாய்க்கு வேகம் உண்டு, சொல்பேச்சுக் கேட்காது. கோலிக்குப் புத்தி உண்டு, அந்த வேகம் கிடையாது. இரண்டும் சேர்ந்தால் வேகமும் புத்தியும் ஓரளவு ஒரே உடம்பில் வரும். புத்தி போதும், இன்னும் வேகம் வேண்டும் என்பவர்கள் அந்தக் கலப்பை மறுபடி கிரேஹவுண்டோடு சேர்த்து, முக்கால் கிரேஹவுண்ட், கால் கோலி என்று எடுப்பார்கள். சிறு முயலுக்கு விப்பெட்டும் பெட்லிங்டன் டெரியரும், நெடுந்தூர ஓட்டத்துக்குச் சலூக்கி ரத்தம் என்று வேலைக்கு ஏற்ற கலவை. இங்கிலாந்திலும் 2004-ல் வேட்டைச் சட்டம் வந்த பிறகு, நில உரிமையாளர் சம்மதத்தோடு எலி, குழிமுயல் மாதிரி சில விதிவிலக்குகள்தான் மிச்சம்.

அவர்களுடைய நாய் நமக்கு வேண்டாம். அவர்கள் கேட்கிற கேள்வி வேண்டும். முதலில் வேலையை எழுது, பிறகு ரத்தத்தைத் தேடு.

என்னை உறுத்திய கேள்வி

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். வங்கியில் இருந்தபோது நூற்றுக்கணக்கான ஜெர்சி கலப்பின மாட்டுக் கடன்களில் கையெழுத்துப் போட்டவன் நான். நாட்டு மாட்டுக்குக் கடன் என்று வந்தால் "பால் கணக்கு வராதே" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். இயக்கத்துக்கு வந்த பிறகுதான் அதன் வினை புரிந்தது. இன்று நாட்டு மாட்டுக்காக மேடையில் பேசிவிட்டு, வீட்டில் நாட்டு நாயைக் கலப்பு செய்யலாமா? பல ராத்திரி யோசித்தேன்.

நான் வந்து சேர்ந்த முடிவு இது. ஜெர்சியில் தப்பு, கலந்தது மட்டும் இல்லை. இந்த வெயிலுக்கும் தீவனத்துக்கும் பழகாத ரத்தத்தைக் கொண்டுவந்தோம். கலப்பு நிற்காமல் தலைமுறை தலைமுறையாகப் போனது. தூய இனம் நின்ற தொழுவத்தையே கலப்பினம் பிடித்துக்கொண்டது. இந்த மூன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டால், ஒரு காட்டுக்கு ஒரு வேலை நாய் எடுப்பது பாவம் இல்லை. அதற்காக மூன்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்.

ஒன்று, இரண்டு பக்கமும் இந்த மண்ணின் நாயாக இருக்க வேண்டும். அல்சேஷன், டாபர்மேன் வேண்டாம்.

இரண்டு, தூய இனத்துப் பொட்டையைக் கலப்புக்கு விடக்கூடாது. சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் தெருவுக்குத் தெரு கிடைக்கிற நாய்கள் இல்லை. ஒரு தூய பொட்டை வாழ்நாளில் போடுவது சில ஈத்துதான். அதில் ஒரு ஈத்தைக் கலப்புக்குக் கொடுத்தால் இனத்துக்கு அது நட்டம். கடுவனுக்கு அந்தக் கணக்கு இல்லை. அதனால் தகப்பன் தூய இனம், தாய் நாட்டு நாய்.

மூன்று, கலப்புக் குட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குக் கருத்தடை செய்துவிட வேண்டும்.

தாயைத் தேர்ந்தெடுத்தது

ஊரில் ஆடு மேய்க்கிற அக்கா ஒருவரிடம் செவலைப் பொட்டை ஒன்று இருந்தது. பார்க்க ஒன்றும் இருக்காது, காது ஒன்று கிழிந்திருக்கும். ஆனால் நாலு வருஷமாக அவர் கிடையில் ஒரு குட்டி ஆடு போனதில்லை. "சாரு, அது யாரையும் கடிக்காது. ஆனா ராத்திரி ஒரு இலை அசைஞ்சாலும் என்னைய எழுப்பிரும்" என்றார். ஆட்டுக்குட்டி அதன் மேல் ஏறி விளையாடும், அசையாது. எனக்கு வேண்டிய தாய் இதுதான். ஒரு நாயின் குணத்தை அதன் வேலையில் பார்க்க வேண்டும், விற்பவர் வாயில் கேட்கக்கூடாது.

நான் பார்த்தவை இவைதான்: வயது இரண்டுக்கு மேல். சொறி, வலிப்பு, கால் கோணல் இல்லை. காது இரண்டும் கேட்கிறது. மனிதரையோ ஆட்டையோ கோழியையோ கடித்த வரலாறு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே குறை இருந்தால் சேர்க்கவே கூடாது. பயந்த நாயோடு பயந்த நாயைச் சேர்த்தால், பயத்தில் கடிக்கிற குட்டிதான் வரும்.

பருவத்துக்கு வந்ததும் கிட்டத்தட்ட மூன்று வாரம் பொட்டையைக் கூரை போட்ட கொட்டிலில் அடைத்தோம். ஒரே ஈத்தில் இரண்டு மூன்று தகப்பன்களின் குட்டிகள் பிறக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு ராத்திரி அசந்தால் எல்லாத் தேர்வும் வீண்.

குட்டிகளின் கணக்கு

இரண்டு மாதம் கழித்து ஆறு குட்டிகள். எல்லாம் ஒரே மாதிரி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். தகப்பன் ஒரு சீரான இனம், தாய் பல ரத்தம் கலந்த நாட்டு நாய். நான்கு குட்டி தாயின் எலும்பும் தகப்பனின் உயரமுமாக வந்தன. ஒன்று அச்சு அசல் தகப்பன், துரத்தல் பைத்தியமும் சேர்த்து. இன்னொன்று ஐந்தாம் மாதம் என் ஏழு கோழிகளைக் கொன்றது. முதல் கோழியோடு நான் விழித்திருக்க வேண்டும், என் அசட்டைதான்.

மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைதான் குட்டியின் பள்ளிக்கூடம். அந்த நாட்களில் ஆட்டு மூத்திர வாசனையில், கோழிக் கொக்கரிப்பில், குழந்தைகள் கையில் வளர்ந்த நான்கும் நன்றாக வந்தன. கோழி தின்ற குட்டியை அந்த நாட்களில் நகரத்து உறவினர் வீட்டில் வைத்திருந்தோம். ரத்தம் பாதி, வளர்ப்பு பாதி.

இரண்டை நான் வைத்துக்கொண்டேன். இரண்டு ஆடு வளர்ப்போருக்குப் போயின. துரத்துகிற ஒன்று பெரியவரிடமே போனது, கட்டுக்குள் வைக்க அவருக்குத் தெரியும். கோழி தின்றது நகரத்திலேயே மாடியில் சுகமாக இருக்கிறது. யாரிடமும் பணம் வாங்கவில்லை, "சிப்பிப்பாறை" என்ற பேரும் சொல்லவில்லை. கலப்பைத் தூய இனம் என்று சொல்லி விற்பது கலப்பட விதை விற்பதற்குச் சமம். முதல் கலப்பை ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த ஈத்தில் குணம் இன்னும் சிதறும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் கருத்தடை.

கருத்தடைக்குப் போகும்போது மருத்துவரிடம் "இதில் ஓட்டக்கார நாய் ரத்தம் இருக்கிறது" என்று மறக்காமல் சொல்லுங்கள். கொழுப்பில்லாத இந்த உடம்புக்கு தயோபென்டோன் மாதிரி சில மயக்க மருந்துகள் எளிதில் தெளியாது. அதேபோல ஆட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியைக் கைக்கணக்கில் நாய்க்குப் போடாதீர்கள். கோலி ரத்தம் உள்ள நாய்க்கு உயிரே போகலாம். வெறிநாய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்கிற கணக்கில் தவறாமல். பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசியும் சேர்த்து. இயற்கை விவசாயம் என்பதற்காக இதில் விளையாடக்கூடாது.

இப்போது மூன்று வருஷம் ஆகிறது. பட்டியில் பத்தொன்பது ஆடு. காட்டுப்பன்றி வந்த நாலு ராத்திரியும் இரண்டு நாயும் வேலிக்குள் நின்றே குரைத்தன. நான் டார்ச் அடித்துக்கொண்டு எழுந்து போனேன், பன்றி போய்விட்டது. கம்பில் கொஞ்சம் சேதம், அவ்வளவுதான். தெருநாய் அதற்குப் பிறகு பட்டிக்குள் வரவில்லை.

அந்தச் செவிட்டு வெள்ளை நாய் என்னாயிற்று என்று கேட்பீர்கள். வீட்டு வாசலில்தான் படுத்திருக்கிறது. மற்ற இரண்டும் எழுந்து ஓடுவதைப் பார்த்தால் அதுவும் எழுந்து கூடவே ஓடும். எதற்கு ஓடுகிறோம் என்று அதற்குத் தெரியாது. பிழை என்னுடையது, அதனால் சோறும் என்னுடையது.

நாய் தேடுகிற நண்பர்கள் முதலில் ஒரு காகிதத்தில் உங்கள் காட்டுக்கு என்ன வேலை என்று நாலு வரி எழுதுங்கள். பக்கத்து ஊர் கிடையில் நல்ல நாயாக ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் குட்டியே போதும், கலப்புக்கே போக வேண்டாம்.