தூண்டில் ஈ கட்ட வீட்டுக்கோழி இறகே போதும்

பெருமாநல்லூர், குன்னத்தூர் வட்டாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் பல குடும்பங்களில் பட்டிக்குப் பக்கத்தில் நாட்டுக்கோழிகள் மேயும். வீட்டில் ஒருவராவது பனியன் கம்பெனிக்குப் போய் வருவார். தூண்டில் ஈ கட்டுவதற்கு வேண்டிய இரண்டு முக்கியப் பொருள்கள் இறகும் நூலும். இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

தூண்டில் ஈ என்பது மண்புழுவுக்குப் பதிலாக முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி. அதில் மிகப் பழமையானதும் எளியதும் 'ஸ்பைடர்' எனப்படும் சிலந்தி வகை. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழிவழியாகக் கட்டி வந்தார்கள். எடின்பரோ நகர வழக்கறிஞர் டபிள்யூ.சி. ஸ்டூவர்ட் 1857-ல் வெளியிட்ட தூண்டில் நூலில் கறுப்பு, சிவப்பு, சாம்பல் என மூன்று சிலந்திகளைச் சொன்னார். நம் நீலகிரிக்கும் இந்தக் கலை வெள்ளைக்காரர்களோடு வந்தது. டிரவுட் மீனை அங்கே விட 1863-ல் பிரான்சிஸ் டே முயன்று பலிக்கவில்லை. பின்னர் எச்.சி. வில்சன் முயற்சியில் 1907-ல் அவலாஞ்சியில் மீன் குஞ்சுப் பொரிப்பகம் ஏற்பட்டது.

பெட்டையா, சேவலா?

சிலந்தி ஈ தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்வது. இறகின் மயிர்கள் நீரோட்டத்தில் விரிந்து சுருங்கினால்தான் உயிருள்ள பூச்சியின் கால்போல மீனுக்குத் தோன்றும். அதற்கு மென்மையான, நீரை உறிஞ்சும் இறகு வேண்டும். பெட்டைக்கோழியின் கழுத்திறகும் முதுகிறகும் இதற்கு மிகப் பொருத்தம். சேவலின் கழுத்திறகு விறைப்பானது. அது நீர்மேல் மிதக்கும் ஈக்கே ஏற்றது.

இறகைத் தண்டோடு வளைத்துப் பாருங்கள். மயிர்கள் பிரிந்து நின்று, விரலால் தொட்டால் துவள வேண்டும். மயிரின் நீளம், முள்ளின் வாய் அகலத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால் போதும்.

கவுதாரியை விட்டுவிடுங்கள்

பழைய முறையில் கவுதாரி இனம், உள்ளான், கானாங்கோழி ஆகியவற்றின் இறகுகளைச் சொல்லியிருப்பார்கள். நம் காட்டுக்கோழியின் கழுத்திறகுக்கும் வெளிநாட்டில் ஒரு காலத்தில் பெரும் கிராக்கி இருந்தது. அதைக் கேட்டு யாரும் கண்ணி வைக்கப் புறப்பட வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பது குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. நாலு இறகுக்காகக் கோர்ட் படி ஏறுவது குடும்பத்துக்குத் தாங்காது. மேலும், கவுதாரி நம் காட்டில் கறையானையும் பூச்சியையும் பொறுக்கித் தின்னும் பறவை. மயில் பயிரைக் கெடுக்கிறது என்ற கோபம் நியாயமானாலும், அதைத் தொட்டால் சட்டம் இன்னும் கடுமை.

மாற்று வீட்டிலேயே இருக்கிறது. கவுதாரி இறகுக்குப் பதில், பழுப்பில் புள்ளி விழுந்த பெட்டையின் முதுகிறகு. கானாங்கோழிக்குப் பதில் சாம்பல் நிறப் பெட்டை. கறுப்புச் சிலந்திக்குக் கறுப்புப் பெட்டையின் கழுத்து. கின்னிக்கோழி வளர்ப்பவர்களுக்குப் புள்ளி இறகு தாராளமாகக் கிடைக்கும்.

கறிக்கு அறுத்த நல்ல கோழியின் இறகையே எடுக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சலில் செத்த கோழியின் இறகு வேண்டவே வேண்டாம். அதைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்துவிடுங்கள். எடுத்த இறகைச் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பூச்சி உருண்டையோடு மூடிய டப்பாவில் வைக்கலாம்.

நூலும் சாயமும்

பழையவர்கள் பட்டு நூலையே விரும்பினார்கள். மெல்லியது, வலுவானது, நனைந்ததும் நிறம் ஆழ்ந்து தெரியும். பனியன் துணிக்கான பருத்தி நூல் தடிப்பு, தலைப்பகுதி பருத்துவிடும். ஓவர்லாக் இயந்திரத்தில் ஓடும் மெல்லிய பாலியெஸ்டர் நூல் மக்காது, அறாது; பழகுவதற்கு அதுவே போதும். எதுவானாலும் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் வழுக்காது.

வெள்ளை இறகுக்குச் சாயம் ஏற்றலாம். ஆனால் பருத்திக்குப் போடும் சாயம் இறகில் சரியாகப் பிடிக்காது. பருத்தி தாவர நார்; இறகோ கம்பளியையும் பட்டையும் போலப் புரதம். கம்பளி, பட்டுக்கான ஆசிட் சாயத்தைச் சிறிது வினிகரோடு, கொதிக்காத சுடுநீரில் பயன்படுத்த வேண்டும். பழுப்பு நிறத்துக்கு வெறும் தேயிலைச் சாறே போதும். மிச்சச் சாயநீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். நொய்யல் பட்ட பாடும், 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் நாம் அறிந்ததே.

கட்டும் முறை

12 முதல் 14 எண் முள் எடுங்கள். எண் கூடினால் முள் சிறிதாகும். முள் கண்ணுக்குப் பின்னால் நூலைத் தொடங்கி, முள் முனைக்கு நேர் வரை நெருக்கமாகச் சுற்றி, மீண்டும் கண்ணருகே கொண்டுவாருங்கள். இதுதான் உடம்பு. அங்கே இறகைக் கட்டி இரண்டு சுற்று மட்டும் சுற்றி, நூலால் முடிந்து, ஒரு சொட்டு நகப்பாலிஷ் வையுங்கள். புதியவர்கள் செய்யும் தவறு இறகை அதிகம் சுற்றுவதுதான். அடர்த்தியான ஈ அசையாது.

ஆரஞ்சு நூலுக்குப் பழுப்புப் புள்ளி இறகு, மஞ்சள் நூலுக்குச் சாம்பல் இறகு, பழுப்பு நூலுக்குக் கறுப்பு இறகு. இந்த மூன்றையும் கட்டப் பழகினால் போதும்.

ரீல் வேண்டும் என்பதில்லை. ஜப்பான் மலைநாட்டில் நீண்ட கழியின் நுனியில் நரம்பு கட்டியே இவ்வகை ஈயை வீசுகிறார்கள். நம் மூங்கில் கழியும் அதைச் செய்யும். குட்டையில் ஜிலேபியையும் சிறு கெண்டையையும் முயன்று பார்க்கலாம். ஏரி, குளம் ஏலத்தில் இருந்தால் குத்தகைதாரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீலகிரி செல்வோர் முதலில் மீன்வளத் துறை அலுவலகத்தில் அனுமதி பற்றி விசாரிப்பது நல்லது.

அடுத்த முறை கோழி அறுக்கும்போது, இறகைக் குப்பையில் தள்ளுமுன் கழுத்தையும் முதுகையும் ஒருமுறை பாருங்கள். கண்ணி வைத்துத் தேட வேண்டியது எதுவும் இல்லை.